முதல் வளையலை இட்டவள்

வளையல் இடுபவளுக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்துவிடும், கை மறப்பதில்லை. பெட்டி சுமந்து தோட்டந்தோட்டமாக அலையும் என் போன்ற சகோதரிகள் இதை மறுக்கமாட்டார்கள்.

இறுகிய கை

மலாயாவின் ஈப்போச் சந்தையில் ஒருத்தி கையை இறுக்கிக்கொண்டே அமர்ந்தாள். இறுகிய கையில் கண்ணாடி வளையல் ஏறாது. இடும்போது உடைந்தால் நட்டம் எனக்கு. ஆகவே, எல்லாரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டேன்: "எந்த ஊரம்மா?" பேசப் பேசக் கை இளகும். பிறந்த ஊரில் தொடங்கியவள், கணவனோடு பேச்சு நின்ற காரணம்வரை சொல்லி முடித்தாள். கடைசி வளையல் ஏறியதும் எழுந்தாள். "வளையல் நல்லாருக்குக்கா. நான் சொன்னத மட்டும் இங்கயே போட்டுட்டுப் போயிருங்க."

பிறந்த வீடு

செமோர் ஊரை அடுத்த ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், பால் வெட்டும் அஞ்சலைக்கு வளைகாப்பு. முன்பு ஒரு கரு கலைந்திருந்தது. இம்முறையேனும் வயிற்றுப் பிள்ளை வளையலோசை கேட்டு நிலைக்கவேண்டும் என்பது அவள் வேண்டுதல். முதல் வளையலைப் பிறந்த வீட்டார் இடுவது வழக்கம். அவர்களோ கடலுக்கு அப்பால் இருந்தனர். "தாய்வீட்டு ஆளு இல்லாம என்ன வளைகாப்பு? வேணாம், விட்டுருங்க" என்றாள் கங்காணியின் மனைவி. விற்க வந்த எனக்கும் அவ்வுரிமை இல்லை. நீட்டிய கையை மடக்க மனமின்றி அஞ்சலை அழுதாள்.

காய்கறி விற்க வந்த சீனப் பெண்ணொருத்தி இதைக் கண்டாள். நீட்டிய கை, திறந்த பெட்டி, சும்மா அமர்ந்திருக்கும் நான். வளையல் ஏறாமல் வலியில் அழுகிறாள் என்று கருதினாள் போலும். கூடையை இறக்கினாள், அஞ்சலையின் கையை நீவினாள், பச்சை வளையல் ஒன்றை நோகாமல் ஏற்றிவிட்டு, "பாகூஸ்" என்று மலாய் மொழியில் மெச்சினாள்.

வளைகாப்பில் ஏறிய வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றலாகாது. எல்லாரும் கங்காணியின் மனைவியைப் பார்த்தனர். அவள் வளையலைப் பார்த்தாள். "போட்டாச்சு, இனிமே கழட்ட முடியாது. அப்ப இவங்கதான் தாய்வீடு. எல போட்டு ஒக்கார வைங்க, மொதப் பந்தி அவங்களுக்குத்தான்."

ஒப்படைத்த செய்தி

அடுத்த முறை சென்றபோது அஞ்சலையின் மடியில் பெண் குழந்தை இருந்தது. அந்தக் காய்க்காரி அதன்பின் அப்பக்கம் வரவில்லையாம். பெயரையும் எவரும் கேட்டுவைக்கவில்லை. அஞ்சலை கையை நீட்டினாள். வளையல் தடையின்றி ஏறியது. "நாலு எடம் சுத்துறவங்க நீங்க. அவங்களப் பாத்தா, பேத்தி பொறந்திருக்கான்னு சொல்லிருங்கக்கா."

அன்றுமுதல் கூடை சுமந்து எதிர்ப்படும் சீனப் பெண்கள் அனைவரின் கைகளையும் உற்றுப் பார்த்தே நடக்கிறேன். அவர்கள் என்னைத் திருடி என்று ஐயுற்றால், அந்த ஐயத்தில் பிழை காண்பதற்கில்லை.