சூடம் அணைக்க மறுத்தவன்

சத்தியம் செய்ய மறுப்பவன் குற்றவாளியா? எனக்கு விடை தெரியவில்லை.

இன்று கம்பம் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகன் காசுக்கு ஆடும் கபடி வீரன். போன மாதம் அவன் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிவிட்டார். அதனால் நாளை சுருளிப்பட்டி ஆட்டத்துக்கு முன், ஊசி போடவில்லை என்று ஒவ்வொருவரும் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம்.

"ஏலே, ஒரு சூடத்த அணச்சா கை வெந்தா போகும்?" என்றார் தாய்.

"அந்த அண்ணனும் சாமி கும்பிட்டுத்தான் ஆத்தா களத்துல இறங்குனாக. நான் சத்தியம் பண்ணுனா மட்டும் நம்பிருவாகளா?"

"ஊசி போடாதவனுக்கு என்னப்பா பயம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

தாய் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "நீ போடலதானய்யா?" என்று கேட்டார்.

அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான்.

சத்தியத்தைவிட ரத்தப் பரிசோதனையை நம்புகிறவள் நான். ஆனால் பெற்றவளின் சந்தேகத்துக்கு எந்த ஆய்வகம் சான்று தரும்? தெரிந்தவர்கள் முகவரி தாருங்கள்.

மறுநாள் சேர்த்தது: ஆட்டம் பார்க்கப் போனேன். அவன் வரவில்லை. அவன் பெயரை அழைத்தபோது தாய் எழுந்து போய், உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். ஆடுகிறவர்தான் அணைக்க வேண்டும் என்று ஆட்டத்தை நடத்தும் கமிட்டியார் ஏற்க மறுத்துவிட்டார்கள். அணி ஆறு பேரோடு ஆடியது.