இன்னொருத்தியின் இடத்தில் நின்று பாடியவள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். மூவர் என் கணவரின் காலமான முதல் மனைவி பெற்றவர்கள், நால்வர் நான் பெற்றவர்கள். ஒருவரையும் வேறாக எண்ணிச் சோறு போட்டதில்லை. இதை எவர் முன்னாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

கடைசி மகள் ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை சங்கீத வகுப்பு, மற்ற நாட்களில் கிற்றார் இரைச்சல். துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போனாள். அங்கேயும் படிப்பை விடப் பாட்டுத்தான். பிறகு ஒல்லாந்திலிருந்து ஒரு ரொக் இசைக்குழு அவளைக் கூப்பிட்டது. பல வருடங்களாக அவர்களோடு பாடியவள் விலகிவிட்டாளாம். அந்த இடத்துக்கு என் மகள்.

கோயிலில் ஒருத்தி வாயைக் கிண்டினாள்.

"ஒல்லாந்தர் அண்டைக்கு எங்கடை கோட்டையைப் பிடிச்சாங்கள். இண்டைக்கு உங்கடை பெட்டையையும் கொண்டு போட்டாங்களோ, அக்கா?"

"இல்லையடி. இந்த முறை நாங்கள் போய் அவங்களைப் பிடிச்சிருக்கிறம்."

வெளியில் அப்படிச் சொன்னேன். உள்ளே பயம். இன்னொருத்தி வாழ்ந்த வீட்டுக்குள் போய் வாழ்வது என்னவென்று எனக்குத் தெரியும். நான் கலியாணம் கட்டிப் போன வீட்டில் முதல் மனைவியின் சீலைகள் பெட்டியில் இருந்தன, அவள் வைத்த கறியின் ருசி பிள்ளைகளின் நாக்கில் இருந்தது. அவள் பெற்ற மூத்தவன் என் சோற்றைத் தொடாமல் எழும்பிப் போவான்.

ஒருநாள் மகள் தொலைபேசியில் சொன்னாள்.

"அம்மா, நான் பாடேக்கை சனம் அவவின்ரை பேரைச் சொல்லிக் கத்துது. ஒஸ்லோவிலை, உங்களுக்கு முன்னாலையும் கத்தினா நான் இந்தக் குழுவை விட்டிடுவன்."

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

ஒஸ்லோக் கச்சேரி நாளில் அந்த மூத்தவன்தான் லில்லெஸ்ட்ரோமிலிருந்து காரில் வந்து என்னை ஏற்றிப் போனான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. மண்டபத்தில் எல்லாரும் நின்றார்கள். அவன் யாரையோ பிடித்து, மேடைக்குப் பக்கத்துச் சுவரோரம் எனக்கொரு கதிரை போடுவித்தான். என் காதில் பஞ்சு.

எனக்கு முன்னால் ஒரு தாடிக்காரன். சட்டையில் பழைய பாடகியின் முகம். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மகள் மேடைக்கு வந்ததும் அவன்தான் முதலில் பழையவளின் பெயரைக் கத்தினான். பின்னாலிருந்தும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். நான் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தேன்.

சனம் கத்தி முடியும் வரை மகள் நின்றாள். பிறகு நோர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னாள். சனம் சிரித்தது.

"என்னவாம்?" என்று மூத்தவனைக் கேட்டேன்.

"'ஓம், எனக்கும் அவவைத்தான் பிடிக்கும். அவவைக் கேட்டுத்தான் நான் பாட வந்தனான்' எண்டு சொல்லுறாள்."

என் வீட்டில் நான் முதல் மனைவியின் பேச்சை வாயில் எடுத்ததே இல்லை. இவள் ஆயிரம் பேருக்கு முன்னால் பழையவளின் பேச்சை எடுத்தாள். எடுத்துவிட்டு அவளுடைய பாட்டையே பாடினாள், ஆனால் அவளைப் போல இல்லை. அவசரமில்லாமல் ஆறுதலாக, இழுக்கிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் வந்து போக, தன் குரலில்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. தாடிக்காரனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிய முதலே கட்டு அவிழ்ந்தது. பிறகு வாயும் அசைந்தது. அப்போதுதான் நான் சீலைத் தலைப்பை விட்டேன்.

எல்லாம் முடிந்து அந்தத் தாடிக்காரன் என் மகளிடம் கையெழுத்துக் கேட்டு வந்தான். சட்டையில் இருந்த பழையவளின் முகத்தில் எழுதாமல், அவனைத் திருப்பி நிற்கவைத்து முதுகில் எழுதினாள். "அடுத்த மாதமும் பாடுறன், அம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

காரில் மூத்தவன் சிரித்தான்.

"பாத்தியளே அம்மா, உவன் ஒரு பாட்டோடை இறங்கி வந்திட்டான். எனக்கு எத்தினை வருஷம் பிடிச்சது!"

"நீ எங்கையடா இறங்கினனீ? பசி தாங்காமல் என்ரை புட்டுக்கும் கணவாய்க் கறிக்கும் வந்தனீ."

எனக்கு என் பெயர் எழுதும் அளவுக்குத்தான் எழுத்து. நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் அந்த மூத்தவனின் மகள். எழுதினது காணும், பிள்ளை. இப்ப முதலிலையிருந்து வாசி பாப்பம். உன்ரை கொப்பா என்ரை சோறு தின்னாமல் எழும்பிப் போனதை வெட்டிப்போட்டியோ எண்டு நான் கேக்கவேணும்.