உள்ளங்கையில் துடித்த வயிறு

மைசூரில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கு வயிறு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கெண்ணெய் தொட்டு உருவிவிட்டால் குடலேற்றம் இறங்கிவிடும் என்று நம்பியிருந்தோம்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய என் கணவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வலி முதுகைத் துளைக்கிறது என்றார். முகம் வெளுத்து, சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

"உன் கைவைத்தியம் ஊருக்குத்தானா? நல்லா அமுக்கி உருவு, புள்ள."

எண்ணெய்க் கையை மெல்ல வைத்தேன். தொப்புளுக்கு மேலே பெரிதாக ஏதோ, நெஞ்சு துடிப்பதுபோல் துடித்தது. அமுக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே கன்னடமும் தமிழுமாக விரட்டினார். "வயித்துக்குள்ள பெரிய ரத்தக்குழாய் வீங்கி ஒடஞ்சிருக்கும்மா. ஸ்கேனுக்கு டைம் இல்ல, நேரா ஆபரேஷன்தான். ரத்தம் கொடுக்க ஆளுங்களக் கூப்பிடுங்க, பேகா பேகா, சீக்கிரம்!"

"நான் அமுக்க இருந்தேன் சார்."

"அமுக்காம விட்டீங்களே, அதுவே புண்ணியம்."

அக்கம்பக்கத்தார் எல்லாரும் ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். உடைந்த இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்வரை என் கையில் அந்த எண்ணெய் பிசுபிசுத்தது, கழுவக்கூடத் தோன்றவில்லை. பிழைத்துவிட்டார்.

இப்போது யார் வயிறு வலி என்று வந்தாலும் எண்ணெயைத் தொடுவதில்லை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கிறேன். "உன் கைராசி ஆட்டோக்காரனுக்குப் போயிடுச்சு" என்று என் கணவர் கேலி செய்கிறார். கேலி செய்ய அவர் இருக்கிறாரே, எனக்கு அது போதும்.