டீசல் ஊறின கொல்லையும் காளியம்மாக்காவும்

காளியம்மாக்கா போய்ட்டாங்க. புதூர்நாட்டுல ஜீப் ஓட்டுற நண்பர் இப்பதான் போன்ல சொன்னார்... நேத்தே எடுத்துட்டாங்களாம்.

மலைப்பாதையில டேங்கர் லாரி கவிழ்ந்து, ஒரு சாமைக் கொல்லை முழுக்க டீசல் ஊறிடுச்சு. அதைச் சுத்தம் பண்ற வேலைக்கு நான் இன்ஜினியர், அக்கா ஆபரேட்டர். கொல்லை அவங்க கொழுந்தனாரோடது.

மண்ணுக்குள்ள பைப் இறக்கி, ப்ளோயர் வச்சு காத்து அனுப்பணும். காத்து கிடைச்சா மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்ங்களே டீசலைத் தின்னுடும். ஈரம் மட்டும் குறையக் கூடாது. இதைச் சொன்னப்ப அக்கா சிரிச்ச சிரிப்பு...

"சாராயம் குடிச்சே எங்க மாமனாரு பூட்டாரு. இதுங்க டீசலக் குடிச்சிட்டு பொழைக்குதா சார்?"

ஆனா வேலையில அப்படி ஒரு கறார். தினமும் ஓடையில இருந்து குடம் குடமா தண்ணி. ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்ப்பாங்க, உருண்டை உடையாம நின்னாத்தான் வீட்டுக்குக் கிளம்புவாங்க.

மழைக்கு முன்னாடி முடிச்சுக் காட்டி நல்ல பேர் வாங்கணும்னு எனக்கு அவசரம். ப்ளோயரை ஃபுல்லா வச்சேன்.

"இன்னா சார், இவ்ளோ காத்து வுட்றீங்க? நான் ஊத்த ஊத்த மண்ணு வறண்டு போவுது."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்கக்கா"ன்னேன்.

மண் பொடியாக் காஞ்சு, நுண்ணுயிர் எல்லாம் செத்துப் போச்சு. ரிசல்ட் வந்தப்ப டீசல் அப்படியே இருந்தது. மேனேஜர் கொல்லையிலேயே வந்து நின்னு ஏன்னு கேட்டார்...

"ஆபரேட்டர் சரியா தண்ணி விடல சார்."

சொன்னது நான்தான். அக்காவும் கொழுந்தனாரும் பக்கத்துலயே நிக்கிறாங்க. அக்கா குடத்தைக் கீழ வச்சுட்டு நடந்து போய்ட்டாங்க.

அந்த வருஷம் கொல்லையில விதைப்பு இல்ல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேணும்னே கொழுந்தன் நிலத்தைக் கெடுத்தவள்னு அக்காவுக்குப் பேர் ஆச்சு. அந்த வூட்ல யாரும் அவங்களோட பேசல... நேத்து எடுக்கும்போதுகூட கொழுந்தனார் வரலையாம்.

எனக்கு? ப்ரமோஷன்.

நேர்ல போய் உண்மையைச் சொல்லணும்னு ரெண்டு தடவை கிளம்பினேன். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்தேன். கோழைப் பய. எழுதவே கூசுது.

இப்பவும் பாருங்க, நேர்ல போகாம போன்ல எழுதித்தான் சொல்றேன். புதூர்நாட்டுக்காரங்க யாராவது இதை அந்தக் கொழுந்தனாருக்குப் படிச்சுக் காட்டுங்க.

அக்கா தண்ணி ஊத்தினாங்க. ஒரு நாள்கூட விடாம ஊத்தினாங்க. மண்ணைக் காய வச்சது நான்.

போய்ட்டு வாங்கக்கா...