முக்குளிப்பான் எழும்பும் இடம்

மாமாவுக்கு அப்போது வேலை கிடையாது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, அம்மாவின் தம்பி என்கிற ஒரே தகுதியில் அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தார். வேலை தேடப் போவதாகச் சொல்லிக் காலையில் கிளம்புவார். பாதி நாள் கீழ்க்கட்டளை ஏரிக்கரையில்தான் இருப்பார் என்பது எனக்கு மட்டும் தெரியும். இரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், அம்மாவிடம் லைப்ரரி என்று சொல்லிவிட்டு என்னையும் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார்.

ஏரியில் முக்குளிப்பான்கள் இருந்தன. புறாவைவிடச் சின்னது, வாலே இல்லாததுபோல் மொழுக்கென்று இருக்கும். சத்தமே இல்லாமல் மூழ்கும். உடனே நான் எண்ணத் தொடங்க வேண்டும். இருபதைத் தாண்டுவதற்குள் எழும்பிவிடும், ஆனால் மூழ்கிய இடத்தில் அல்ல. ஆள் பார்ப்பது தெரிந்துவிட்டால் கோரைக்குள் போய்த் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். "முங்கின எடத்தையே பாத்துட்டிருக்கிறவன் முட்டாள்" என்பார் மாமா. நான் முட்டாள் இல்லை. பத்துக்கு ஏழு தடவை சரியான இடத்தைச் சொல்லிவிடுவேன்.

பார்த்துப் பார்த்து மாமாவும் முக்குளிக்க ஆரம்பித்தார். மனை போடுகிறவர்கள் லாரி லாரியாக மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஏரியில் இறங்கக் கூடாது என்று அம்மா மாமாவிடம் தன் தலையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள். அதற்கு மாமா கண்ட வழி, என்னிடம் வேறொரு சத்தியம் வாங்குவது: யார் கேட்டாலும் மாமா டீ குடிக்கப் போயிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏழு வயதுப் பெண் போதும் என்று நினைத்துவிட்டார். அந்தச் சத்தியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் அவர்மேல் கோபம் வருகிறது.

அன்றும் சட்டையையும் செருப்பையும் என் பக்கத்தில் வைத்துவிட்டு மூழ்கினார். அறுபது வரை தாங்குவார். அறுபது தாண்டியது. எனக்குப் பயம் வரவில்லை. என்னை ஏய்க்கப் பார்க்கிறார் என்று சிரிப்புதான் வந்தது. கோரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

எருமையைக் குளிப்பாட்ட வந்த ஒருவர் பேச்சுக் கொடுத்ததில்தான் எண்ணிக்கை நின்றது.

"இன்னா பாப்பா, தனியா குந்திகினு கீறே? கூட வந்தவரு எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காரு."

அவர் எருமையை இறக்கி, நிதானமாக முதுகு தேய்த்துவிட்டார். கரையேறி வந்தபோதுதான் என் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தார்.

"சட்டையும் செருப்பையும் வுட்டுட்டா டீ குடிக்கப் போனாரு?"

கேட்கும்போதே அவர் குரல் மாறிவிட்டது. எங்கே இறங்கினார், காட்டு என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். சத்தியம் உடைந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கோரையைக் காட்டினேன். வரப்போகிற இடம் அதுதானே. அவர் போட்ட கூச்சலில் நாலைந்து பேர் ஓடிவந்து கோரை முழுவதையும் கலைத்துத் தேடினார்கள். முக்குளிப்பான்கள் பயந்து தண்ணீர்மேல் ஓடின. இருட்டுவதற்குச் சற்று முன்னால் மாமா கிடைத்தார். மூழ்கிய இடத்திலேயே, ஒரு குழிக்குள் இருந்தார்.

காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவன் உள்ள போனப்புறம் எவ்ளோ நேரம்டி சும்மா உக்காந்திருந்தே?"

"சும்மா இல்லம்மா. எண்ணிட்டிருந்தேன். முந்நூத்திப் பன்னெண்டு."

எங்கள் வகுப்பில் நூறைத் தாண்டவே பலர் தடுமாறுவார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து எண்ணிக் காட்டத் தொடங்கினேன்.