டொக்டரின் சுவரில் ஒரு மாட்டின் இருதயம்

மூன்று மாதமாக நான் ஒரு மாட்டின் இருதயத்தைக் கும்பிட்டு வந்திருக்கிறேன். மாட்டைக் கும்பிடுகிற பட்டிப்பொங்கல் என்றாலும் பரவாயில்லை. ஒருவர் சொல்லவேண்டாமா? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரைவிட்டு வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து, நோர்பரியில் குடியிருந்துகொண்டு ஓர் உணவகத்தின் சமையலறையில் வெங்காயம் வெட்டினேன். வெங்காயம் என்று சொல்வது மரியாதைக்கு. கூடுதலாக வெட்டுப்பட்டவை என் விரல்கள். பிளாஸ்டர் இல்லாத நாள் கிடையாது. அதோடு படி ஏறினால் மூச்சும் வாங்கத் தொடங்கியது. சிறுவயதில் வந்த காய்ச்சல் ஒன்று இருதய வால்வைக் கெடுத்துவிட்டது, மாற்றாவிட்டால் ஆள் மிஞ்சாது என்றார் இருதய டொக்டர்.

அவருடைய அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம். ஏறக்குறைய ஐந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலிய ஓவியர் ஒருவர் மண்ணிற மையால் வரைந்த இருதயம். குழாயைப் பிளந்து, வால்வின் மூன்று மடல்களையும் பூ மாதிரி விரித்துக் காட்டியிருந்தார். ஓரமெல்லாம் நுணுக்கிய கையெழுத்து. 'நீ மட்டும் எப்படியடா இவ்வளவு நேர்த்தியாகத் திறந்து மூடுகிறாய்' என்று அதைப் பார்த்துப் பொறாமைப்படுவேன். வெளியே வரும்போது, என்னுடையதும் ஒருநாள் இப்படி ஆகவேண்டும் என்று ஒரு கும்பிடு போடுவேன்.

நாலாவது முறை மனைவியும் கூட வந்தாள். அவளுடைய தமையனும் வந்தார். மச்சானை நான் கூப்பிடவில்லை. மனோர் பார்க்கிலிருந்து ரயில் மாறி மாறித் தானாகவே வந்திருந்தார். கோயில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்கிற மனிதர். என் நெஞ்சையும் அதில் சேர்த்துவிட்டார்.

டொக்டர் பென்சிலால் படத்தைத் தொட்டு விளக்கினார். இந்த ஓவியர் கண்ணாடியில் ஒரு வால்வு செய்து, தண்ணீரில் புல்விதையைப் போட்டு, நீர் சுழன்று மடல்களை மூடுவதைக் கவனித்தவராம். "இத்தனைக்கும் இது மாட்டின் இருதயம்," என்றார் சந்தோஷமாக. "மனித இருதயம் லேசில் கிடைக்காதே."

"மாடோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவர் நிறுத்தவில்லை. உலோக வால்வு வைக்கலாம். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை எடுக்கவேண்டும். என் விரல்களைப் பார்த்தார். அன்றைக்கு மூன்று பிளாஸ்டர். உங்கள் தொழிலுக்கு மற்றதுதான் நல்லது என்றார். மற்றது, மாட்டின் இருதயத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலில் தைத்தது.

மச்சான் எழும்பிவிட்டார். "சிவசிவா! நெஞ்சுக்குள்ள மாட்டை வைச்சுக்கொண்டு எந்த முகத்தோட காணும் கோயிலுக்கு வரப்போறீர்? இரும்பை வைக்கச் சொல்லும்!"

"அண்ணை, இரும்பு வைச்சா உந்த விரலில ரத்தம் நிக்காதாம். கேட்டனீங்களே?" என்றாள் மனைவி.

"அப்ப வெங்காயம் வெட்டுறதை விடட்டும்."

"நீங்கள் வந்து வெட்டுறீங்களோ?"

இருதயம் என்னுடையது. என்னை ஒரு சொல் கேட்டார்களா? அதுவும் யார் எனக்குச் சைவம் படிப்பிப்பது? வெம்பிளியில் ஒரு மாட்டிறைச்சி பேர்கர் கடைக்குள், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற இதே மனிதர். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவன் நான்தான்.

ஆனாலும் உள்ளுக்குள் எனக்கும் உதறல். "வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி தொடுவதில்லை," என்று டொக்டரிடம் இழுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமையும் அது வேலை செய்யும். செய்யாவிட்டால் உங்களுக்குச் சனிக்கிழமை இல்லை."

மனைவி என் கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, மாடோ மனுசனோ, உங்களுக்கு மூச்சு வந்தாக் காணும் எனக்கு."

கையெழுத்துப் போட்டேன். "இனிக் கோயில் பக்கம் வராதேயும்!" என்று சொல்லிவிட்டு மச்சான் போய்விட்டார்.

அறுவைசிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே கோயிலுக்குப் போனேன். அடித்து விரட்டட்டும் பார்ப்போம் என்ற வீறாப்பு. விரட்டுவதாவது! தன் யோசனையில்தான் எனக்கு இரும்பு வைத்தது என்று மச்சான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒருவர் என் நெஞ்சில் காதையே வைத்துவிட்டார்: "டிக் டிக் எண்டு கேக்குமாமே, தம்பி?"

மச்சான் கண்ணாலேயே கெஞ்சினார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் நெஞ்சில் இருப்பதை ஒளித்துவைக்க இவர் யார்?

"கேக்காது அண்ணை. இரும்பில்லை, மாடு," என்றேன், மணியடிக்கிறவருக்கும் கேட்கிற மாதிரி. "சிவன் தனக்கு முன்னால இருத்தி வைச்சிருக்கிறார். நான் உள்ளுக்க வைச்சிருக்கிறன். அவ்வளவுதான்."

அவர் காதை எடுத்தார். பிறகு திரும்பவும் காதை வைத்தார்.

அன்றைக்கு மூன்று சுற்றும் நிற்காமல் வந்தேன். இரண்டாம் சுற்றில் பின்னால் மச்சானுக்கு மூச்சு வாங்கியது. "மெல்லப் போம் காணும்!" நான் மெதுவாக்கவில்லை.

மச்சானோடு பிறகு ராசியாகிவிட்டேன். அந்த இத்தாலியரைத்தான் இன்னும் மன்னிக்க மனம் வரவில்லை. ஓரமெல்லாம் அவ்வளவு எழுதின மனிதர், 'இது மாடு' என்று எனக்கு விளங்குகிற பாஷையில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?