வனிதா அக்காவின் கையெழுத்து

நேற்று ஒரு பெண்ணை இன்டர்வியூ செய்தேன். எதைக் கேட்டாலும் பளிச்சென்று பதில். தாளில் 'அறிவு' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டேன். வேறு கட்டம் அதில் இல்லை. அப்போது பக்கத்து மேஜையில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அவ்வளவுதான், நான் பொம்மனஹள்ளிக்குப் போய்விட்டேன்.

என் முதல் வேலை அங்கேதான், ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில். கீழே பன் வெந்தால் மேலே எங்களுக்குப் பசிக்கும். ஒரு மருத்துவமனைக்காக, நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பினேன். கழுத்து பேட்ஜைக் கழற்றாமல் பஸ்ஸில் போகிற வயது, மன்னியுங்கள்.

நாங்கள் எழுதியதைச் சோதிப்பவர் வனிதா அக்கா. மர்பி டவுன்காரர், ஒப்பந்த ஊழியர். நூற்றிருபது சோதனைகளை அச்சடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிப்பார். நடுநடுவே ஆரஞ்சுச் சுளை. கடைசியில் கையெழுத்து. தாளே மணக்கும். அவசரப்படுத்தினால், "ஸ்வல்ப இருப்பா, கொஞ்சம் பொறு, ஆஸ்பத்திரி விஷயம்" என்பார். அவருக்கு 'பாசஞ்சர் வண்டி' என்று பெயர் வைத்திருந்தேன். ஒருநாள் டீக்கடையில், "எக்ஸ்பிரஸ் முதல்ல போகட்டும், பாசஞ்சர் நிக்குது" என்று அவரே எனக்கு வழிவிட்டார்.

அவர் கையெழுத்துப் போட்டபின் யாரும் எதையும் தொடக்கூடாது. தொட்டால் மென்பொருளுக்குப் புது எண் கொடுத்து, நூற்றிருபதையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நான் தொட்டேன். நிரலில் நேரத்தைக் காட்டும் ஒரே ஒரு வரி, அழகுபடுத்தத்தான். யாரிடமும் சொல்லாமல் பழைய எண்ணிலேயே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன்.

திங்களன்று மென்பொருள் நேரத்தையெல்லாம் லண்டன் கணக்கில் காட்டியது. மதியம் இரண்டு மணி ஸ்கேனுக்கு, நோயாளிகள் வெறும் வயிற்றோடு காலை எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சர்க்கரை நோயாளி மயங்கி விழுந்தார்.

மேனேஜர் தாளைத் தூக்கிக் காட்டி, இது யார் கையெழுத்து என்றார். தன்னுடையதுதான், ஆனால் தான் பார்த்தபோது நேரம் சரியாக இருந்தது என்றார் அக்கா. யாரும் நம்பவில்லை. நான் ஒரு ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை இன்னும் உறுதியாகவில்லை, அது ஒரு காரணம். கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்பதுதான் நிஜக் காரணம்.

அந்த மாதத்தோடு முடிந்த அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கடைசி நாள், படியில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அந்த வரி உன்னோடதுன்னு தெரியும்ப்பா. நீயா சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒதுங்கி நின்று அவருக்கு வழிவிட்டேன்.

அந்தக் கட்டடம் இப்போது பிஜி விடுதி. பேக்கரியும் போய்விட்டது. மர்பி டவுனில் விசாரித்தேன். வீடு மாறிவிட்டார்களாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் சோதனையை இயந்திரமே செய்கிறது. தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை, திரையில் ஒரு பச்சைப் புள்ளி. தப்பு யாருடையது என்பதையும் அதுவே பெயரோடு காட்டிவிடுகிறது. நானாகச் சொல்லுவேனா என்று காத்திருக்க அங்கே யாரும் இல்லை.